இன்னும் எத்தனை நாள் பொறுப்பது?

கேள்வி: எனக்கு வயது 28. பி.காம். படித்தவன். கப்பலூர் சிட்கோவில் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் நாலே கால் வருடமாக இருக்கிறேன். சம்பளம் 19,500 ரூபாய். வவுச்சர் போடுவது, கம்ப்யூட்டரில் ஏற்றுவது, தினமும் இதுதான். ஞாயிறு சாயங்காலம் ஆனாலே நெஞ்சு அடைக்கிறது. அப்பா ஒரே மில்லில் 31 வருடம் இருந்தவர். ‘கிடைத்த வேலையை விட்டுவிடாதே’ என்கிறார். நான் பொறுமை இல்லாதவனா? இன்னும் எத்தனை நாள் பொறுப்பது?
- எஸ்.எம்., திருநகர், மதுரை-6

பதில்: அன்புள்ள எஸ்.எம்., நாலே கால் வருடம் ஒரே இடத்தில் இருந்தவரைப் பொறுமை இல்லாதவர் என்று யாரும் சொல்ல முடியாது. முதலில் அந்தக் குற்ற உணர்வை இறக்கி வையுங்கள்.

இத்தனை வருடம் இருந்தாக வேண்டும் என்று கணக்கு எதுவும் கிடையாது. பாரதியார் 1904-ல் மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் தற்காலிகத் தமிழாசிரியராக ஏறக்குறைய மூன்று மாதம்தான் இருந்தார். பிறகு சென்னைக்குப் போய் ‘சுதேசமித்திரன்’ இதழில் சேர்ந்தார். அதே மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி. மகப்பேறு மருத்துவராக விரும்பியவரை முடக்குவாதம் தடுத்தது. கண் மருத்துவம் படித்து, ஓய்வு வயது வரை அரசுப் பணியில் இருந்தார். 1976-ல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். ஒருவர் சில மாதத்தில் கிளம்பினார், இன்னொருவர் 58 வயது வரை இருந்தார். இரண்டும் சரியாகத்தான் முடிந்தன.

வேலை கசக்கப் பெரும்பாலும் நான்கு காரணங்கள் இருக்கும். கற்றுக்கொள்ள மிச்சம் இல்லாமல் போவது. மேலே போக வழி இல்லாதது. கூட இருப்பவர்கள், மேலதிகாரி சரியில்லாதது. அந்தத் தொழிலே நம் சுபாவத்துக்கு ஒட்டாதது. உங்கள் கடிதத்தைப் பார்த்தால் முதல் காரணம்தான் என்று தோன்றுகிறது. ஆனாலும் ஒரு மாதம் நோட்டில் எழுதிப் பாருங்கள்: இன்று எந்த நேரம் பாரமாக இருந்தது, எதனால்? ‘வேறு கம்பெனியில் இதே கணக்கு வேலை என்றால் சம்மதமா?’ என்று உங்களையே கேளுங்கள். சம்மதம் என்றால் கம்பெனியை மாற்றினால் போதும். இல்லை என்றால் தொழிலையே மாற்ற வேண்டும். அதற்குப் படிப்பும் கூடுதல் காலமும் தேவைப்படும்.

அதற்கு முன் ஒருமுறை வாய்விட்டுக் கேளுங்கள். ஜி.எஸ்.டி. கணக்குத் தாக்கலையோ, அடக்கவிலைக் கணக்கையோ (ஒரு பொருளைச் செய்ய ஆகும் மொத்தச் செலவைப் போடுவது) எனக்கும் சொல்லிக்கொடுங்கள் என்று மேலாளரிடம் கேட்பதில் தவறில்லை. கிடைத்தால் அடுத்த வேலைக்கு அதுவே படி.

இனி பணக் கணக்கு. பணிக்கொடைக்கு (நீண்ட நாள் உழைத்ததற்காக, விலகும்போது நிர்வாகம் தரும் தொகை) நிரந்தர ஊழியர் ஐந்து வருடம் தொடர்ந்து வேலை செய்திருக்க வேண்டும். உங்களுக்கு ஒன்பது மாதம்தான் பாக்கி. அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 13,000 என்று வைத்துக்கொண்டால், அதை 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கினால் 7,500. ஐந்து வருடத்துக்கு 37,500 ரூபாய். நாலு வருடமும் ஐந்தாவதில் 240 நாளும் போதும் என்று சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. ஆனாலும் ஐந்தை முடித்துவிட்டால் வழக்குக்கே இடமில்லை.

பி.எஃப். பணத்தை எடுத்துவிடாதீர்கள். யு.ஏ.என். எண்ணை (வேலை மாறினாலும் மாறாத பி.எஃப். அடையாள எண்) வைத்துப் புதிய இடத்துக்கு மாற்றிக்கொண்டால் பழைய வருடங்களும் சேர்ந்துகொள்ளும். பென்ஷனுக்குப் பத்து வருடச் சேவை வேண்டும். இன்னொன்று, பலர் மறப்பது: புதிய வேலையில் சம்பளம் 21,000-ஐத் தாண்டினால் இ.எஸ்.ஐ. கிடையாது. அப்பா அம்மா இ.எஸ்.ஐ. மருத்துவமனையில் வைத்தியம் பார்க்கிறார்கள் என்றால் மருத்துவக் காப்பீட்டுக்கு முன்கூட்டியே ஏற்பாடு செய்யுங்கள்.

ஆகவே என் யோசனை இது. இன்றிலிருந்து ஒன்பது மாதம் முடிந்த பிறகு வரும் ஒரு தேதியைக் குறியுங்கள். அதற்குள் ஆறு மாத வீட்டுச் செலவுக்குப் பணம் சேருங்கள். கே.புதூரில் உள்ள மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் முகாம்களை விசாரியுங்கள். அடுத்த இடத்தின் நியமன உத்தரவு கைக்கு வந்த பிறகே ராஜினாமா கொடுங்கள். முன்னறிவிப்புக் காலத்தை முழுதாக முடித்து, விடுவிப்புக் கடிதமும் அனுபவச் சான்றும் வாங்கிக்கொண்டு வெளியே வாருங்கள்.

சம்பளம் தராமல் இழுத்தடித்தாலோ, உடலுக்கும் மானத்துக்கும் ஆபத்து என்றாலோ இந்த ஒன்பது மாதக் கணக்கெல்லாம் வேண்டாம், உடனே விலகுங்கள். தூக்கம் கெட்டு, வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் வந்தால் அன்றைக்கே 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணில் பேசுங்கள்.

அப்பாவின் பேச்சில் பயம் இருக்கிறது, பாசமும் இருக்கிறது. உங்கள் பக்கத்து ஹார்விபட்டி, மில் தொழிலாளர்களுக்காகவே எழுந்த ஊர். ஒரே மில்லில் காலம் கழித்துக் குடும்பத்தைக் கரையேற்றிய தலைமுறை அது. அவரிடம் ‘பிடிக்கவில்லை’ என்று மட்டும் சொன்னால் கலங்கிப்போவார். தேதி, கையிருப்பு, அடுத்து பார்க்கும் வேலை, மூன்றையும் அந்த நோட்டில் எழுதி அவர் முன்னால் வையுங்கள். 31 வருடம் குடும்பக் கணக்கைச் சமாளித்தவருக்கு அதைப் படித்துப் புரிந்துகொள்ளத் தெரியும், தம்பி.