எந்த ஸ்பைடர்மேன் அசல்?

கேள்வி: ஸ்பைடர்மேன் என்றால் பீட்டர் பார்க்கர்தானே? 2023 அனிமேஷன் படத்தில் பவித்ர் பிரபாகர் என்று ஒருவன் வருகிறானே, யார் அசல்?
- ஒரு வாசகர், விருத்தாசலம்

பதில்: இருவருமே. உங்கள் ஊர் பீங்கான் பொம்மைகள் மாதிரி: அச்சு ஒன்று, பூச்சு வேறு. ஒரே நாயகனுக்கு வெவ்வேறு உலகங்களில் வெவ்வேறு வடிவம் தரும் இந்த உத்தியைப் பிரபலமாக்கியது டி.சி. காமிக்ஸ். 1961-இல் ஃபிளாஷ் 123-ஆம் இதழில் புதிய ஃபிளாஷ் பேரி ஆலன் வேறொரு பூமிக்குப் போய், 1940களின் பழைய ஃபிளாஷ் ஜே கேரிக்கைச் சந்தித்தார். பழைய நாயகனையும் விடாமல் புதியவனையும் விற்கலாம், கெட்டிக்கார வியாபாரம்!

பவித்ர் 2004-இல் காமிக்ஸில் பிறந்தவன். சரத் தேவராஜன், சுரேஷ் சீதாராமன், ஓவியர் ஜீவன் காங் ஆகியோரின் படைப்பு. கிராமத்திலிருந்து மும்பைக்குப் படிக்க வந்த பையன். சிலந்தி கடிக்கவில்லை, ஒரு யோகி சக்தி தருகிறார். இடுப்பில் வேட்டி. பீட்டரின் காதலி மேரி ஜேன் அங்கே மீரா ஜெயின், மே அத்தை மாயா அத்தை. பெயரை மாற்றிய அளவுக்குக் கதையை மாற்றவில்லை என்பது என் குறை. படத்தில் வரும் துடுக்கான பவித்ர் எவ்வளவோ மேல்.

தமிழில் வந்த நம் லயன் காமிக்ஸ் ஸ்பைடரை இதில் சேர்க்காதீர்கள். அவன் பிரிட்டிஷ்காரர்கள் படைத்தவன், குற்றவாளியாகத் தொடங்கியவன்; ஸ்பைடர்மேனை வெளியிடும் மார்வெலுக்குச் சொந்தமே இல்லை.