விலை தேய்வது வேறு, வண்டி தேய்வது வேறு

அன்புள்ள தங்கைக்கு,

செங்கல்பட்டு வட்டாரத்தில் வேலைக்குச் சேர்ந்திருக்கும் உன் வயதுக்காரர்களுக்குக் கார் வெறும் ஆடம்பரம் இல்லை. மகிந்திரா வேர்ல்டு சிட்டியில் இரவு ஷிஃப்ட் முடித்துவிட்டுத் திருக்கழுக்குன்றம் பக்கமோ கல்பாக்கம் பக்கமோ திரும்ப வேண்டியவர்களுக்கும், வீட்டுப் பெரியவர்களை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக வேண்டியவர்களுக்கும் வண்டியின் அருமை தெரியும். ஆகவே கார் எதற்கு என்று உன்னைக் கேட்கப் போவதில்லை. புதிது வாங்குவதா பழையது வாங்குவதா, வாங்கியதை எப்போது விற்பது என்ற இரண்டு கேள்விகளுக்கு மட்டும் விடை எழுதுகிறேன். இரண்டுக்கும் அடிப்படை ஒன்றுதான். காரின் விலை குறைவது ஒரு கணக்கு. கார் தேய்வது இன்னொரு கணக்கு. இரண்டும் ஒரே வேகத்தில் நடப்பதில்லை. விலை நிறைய இறங்கி, வண்டி அந்த அளவுக்குத் தேயாமல் இருக்கும் காலத்தில் வாங்க வேண்டும். விலை இறக்கம் ஓய்ந்து, தேய்மானம் பணத்தைத் தின்னத் தொடங்கும்போது விற்க வேண்டும்.

முதலில் விலைக் கணக்கு. காருக்கு இன்சூரன்ஸ் எடுக்கும்போது ஐ.டி.வி. என்று ஒரு தொகை எழுதுவார்கள். வண்டி திருட்டுப் போனாலோ முழுவதும் நாசமானாலோ கிடைக்கும் தொகை அது. அதற்கென்று நெடுநாளாக ஓர் அட்டவணை இருக்கிறது. வண்டிக்கு 6 மாதம் ஆகும்வரை 5 சதவீதம் கழிவு, ஓராண்டு வரை 15, இரண்டாண்டு வரை 20, மூன்றாண்டு வரை 30, நான்காண்டு வரை 40, ஐந்தாண்டு வரை 50. அதற்கு மேல் கம்பெனியும் வண்டிக்காரரும் பேசி முடிவு செய்வது. சந்தை இந்த அட்டவணையை அப்படியே பின்பற்றுவதில்லை. எந்தக் கம்பெனி, எத்தனை கிலோமீட்டர், எத்தனையாவது ஓனர் என்பதையெல்லாம் சந்தை பார்க்கும், அட்டவணை பார்க்காது. ஆனாலும் ஐந்து ஆண்டில் பாதி போய்விடுகிறது என்ற பாடத்தை அது தெளிவாகச் சொல்கிறது. இதற்கு மேல் இன்னொரு செலவும் புதுக்கார்க்காரர் தலையில் விழுகிறது. தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல், 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரையுள்ள காருக்கு ஆயுள்வரி 13 சதவீதம். 10 லட்சத்தைத் தாண்டினால் 20 லட்சம் வரை 18, அதற்கும் மேல் போனால் 20. முதல் ஓனர் கட்டிவிட்ட அந்த வரியை, இதே மாநிலத்தில் பழைய வண்டியாக வாங்குகிறவர் மறுபடி கட்ட வேண்டியதில்லை.

இதை ஒரு காரின் மேல் வைத்துப் பார். ஷோரூம் விலை 10 லட்சம், ஆயுள்வரி 1.30 லட்சம். மூன்றாம் ஆண்டு முடிவில் அட்டவணைப்படி 7 லட்சத்துக்கு விற்றால், முதல் ஓனருக்கு 4.30 லட்சம் கரைந்திருக்கும். ஆண்டுக்கு ஏறத்தாழ 1,43,000. அதே காரை 7 லட்சத்துக்கு வாங்குகிறவர் ஐந்து ஆண்டு ஓட்டி 3.5 லட்சத்துக்கு விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு விலையில் கரைவது ஆண்டுக்கு 70,000. டயர், பேட்டரி, சஸ்பென்ஷன் வேலை என்று ஆண்டுக்கு 30,000 சேர்த்தாலும் ஒரு லட்சம்தான். புதிதாக வாங்கி எட்டு ஆண்டும் தானே ஓட்டுகிறவரையும் விட்டுவிடக் கூடாது. அவருக்கு விலையில் 7.80 லட்சம், பிற்பகுதி ஐந்தாண்டு ரிப்பேரில் 1.50 லட்சம், ஆண்டுக்குப் பங்கிட்டால் சுமார் 1,16,000. ஆகவே புதுக்கார் வாங்குவதே தவறு என்று சொல்ல இந்தக் கணக்கு இடம் தரவில்லை. புதிதாக வாங்கி மூன்றாம் ஆண்டே மாற்றுவதுதான் மூன்றிலும் செலவு மிகுந்த வழி. மூன்று வயதுக் காரை வாங்கி நெடுநாள் வைத்திருப்பது சிக்கனமான வழி.

விலை வேறு, தேய்மானம் வேறு என்பதற்குச் சான்று உன் ஊர்ப்பக்கமே இருக்கிறது. ஜி.எஸ்.டி. சாலையோரம் மறைமலை நகரில் ஃபோர்டு ஆலை இருபது ஆண்டுக்கு மேல் கார் செய்தது. 2021 செப்டம்பர் 9 அன்று, இந்தியாவில் உற்பத்தியை நிறுத்தப் போவதாக அந்தக் கம்பெனி அறிவித்தது. 2022 ஜூலையில் கடைசி ஈகோஸ்போர்ட் வெளியே வந்தது. அறிவிப்புக்கு முந்தின நாள் வீட்டு வாசலில் நின்ற ஃபோர்டு ஃபிகோவில், மறுநாள் ஒரு போல்ட்கூட மாறவில்லை. சர்வீஸும் ஸ்பேரும் தொடரும் என்று கம்பெனி சொன்னது. இருந்தும் பழைய கார் சந்தை தயங்கியது. தேய்ந்தது கார் இல்லை. அதன் மேல் வைத்த நம்பிக்கை. 2025 செப்டம்பர் 22 அன்று இதற்கு இன்னொரு சான்று கிடைத்தது. சிறிய கார்களுக்கு 28 சதவீதமும் அதற்கு மேல் செஸ்ஸுமாக இருந்த ஜி.எஸ்.டி. 18 சதவீதமாகக் குறைந்தது. புதுக்கார் விலை இறங்கியதும் பழைய கார் சொந்தக்காரர்களும் கேட்கும் விலையைக் குறைக்க வேண்டி வந்தது. இப்படி வெளிக் காரணத்தால் விலை விழும்போது, வண்டியை நிதானமாகப் பார்த்து வாங்குகிறவருக்கு நல்ல வாய்ப்பு. ஆனால் கம்பெனி போய்விட்ட மாடல் என்றால் ஒன்றை விசாரித்துக்கொள்: ஃபில்டர், பிரேக் பேட் போன்றவை மட்டும் கிடைத்தால் போதாது, பம்பர், விளக்கு, எலக்ட்ரானிக் பாகங்கள் எத்தனை நாளில் கைக்கு வரும் என்று மெக்கானிக்கிடம் கேள். 2025 அக்டோபரில் மறைமலை நகருக்காக ஃபோர்டு போட்ட 3,250 கோடி ரூபாய் ஒப்பந்தம் என்ஜின் தயாரிப்புக்கானது. அதை நம்பி, பழைய மாடல்களுக்கு மவுசு திரும்பும் என்று கணக்குப் போடாதே.

இனி தேய்மானக் கணக்கு. இங்கே இன்சூரன்ஸ் அட்டவணை அறவே உதவாது. கடற்கரைதான் பாடம் சொல்ல வேண்டும். மாமல்லபுரம் கடற்கரைக் கோயில் ராஜசிம்ம பல்லவன் காலத்துக் கற்றளி. கருங்கல்லையே உப்புக் காற்று அரிப்பதால், தொல்லியல் துறை காகிதக் கூழை ஈரமாகச் சுவரில் அப்பி, உள்ளே ஊறிய உப்பை உறிஞ்சி எடுக்கிறது. கடலலையைத் தடுக்கப் பாறைகளைக் கொட்டி, மணலும் காற்றும் நேரே மோதாதபடி சவுக்கு நட்டிருக்கிறது. கல்லுக்கே இந்தப் பாடு என்றால், ஒரு மில்லிமீட்டர்கூடத் தடிப்பில்லாத இரும்புத் தகட்டின் கதி என்ன? காற்றில் வரும் உப்பு, பெயின்ட் கீறிய இடத்தில் ஈரத்தோடு தங்கித் துருவை விரைவுபடுத்தும். கதவின் அடிவிளிம்பு, சக்கர வளைவு, சைலன்சர், பிரேக் குழாய், சஸ்பென்ஷன் பொருத்தும் இடம் ஆகியவை முதலில் அரிக்கும். ஒரே மாடல், ஒரே வருடம், ஒரே கிலோமீட்டர் ஓடிய இரண்டு கார்களில் ஒன்று சதுரங்கப்பட்டினத்தில் கடலைப் பார்த்து வெட்டவெளியில் நின்றது, மற்றொன்று சிங்கப்பெருமாள்கோவிலில் ஷெட்டுக்குள் நின்றது என்றால், இரண்டுக்கும் வயது ஒன்றில்லை. டி.என்.19 என்ற செங்கல்பட்டு நம்பர் பிளேட் இதைச் சொல்லாது. லிஃப்ட்டில் ஏற்றிக் கீழிருந்து டார்ச் அடித்துப் பார்த்தால்தான் தெரியும். உன் வீடும் கடலோரம் என்றால், நல்ல தண்ணீரில் அடிப்பக்கத்தை அடிக்கடி கழுவுவதும் துருத் தடுப்புப் பூச்சு போடுவதும் வண்டியின் ஆயுளைக் கூட்டும் செலவுகள்.

துருவுக்கு அடுத்தது வெள்ளம். 2015 டிசம்பரில் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கமும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையின் தென்புறமும் எத்தனையோ கார்கள் நீரில் மூழ்கின. அவற்றில் சில துடைத்து, சீட் மாற்றி, மறுபடி சந்தைக்கு வருகின்றன. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துச் சேற்றுக் கறை இருக்கிறதா என்று பார். கார்ப்பெட்டைத் தூக்கிப் பார். ஸ்டெப்னி வைக்கும் குழியைப் பார். ரிப்பேர் செலவு ஐ.டி.வி.யின் 75 சதவீதத்தைத் தாண்டிய வண்டியை முழு இழப்பாகக் கணக்கெடுப்பது வழக்கம் என்பதால், பழைய கிளெய்ம் விவரத்தைக் கேட்காமல் முன்பணம் கொடுக்காதே.

இந்த இடத்தில் நீ கேட்கக்கூடிய கேள்வி நியாயமானது: “இவ்வளவு பயம் இருக்கும்போது பழைய காரை ஏன் தொட வேண்டும்?” ஜார்ஜ் அகர்லோஃப் என்ற பொருளியல் அறிஞர் 1970இல் பழைய கார் சந்தையையே எடுத்துக்காட்டாக வைத்து ஒரு புகழ்பெற்ற கட்டுரை எழுதினார், 2001இல் நோபல் பரிசு பெற்றவர் அவர். விற்பவருக்கு வண்டியின் குறை தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. அதனால் வாங்குபவர் எல்லா வண்டிக்கும் குறைத்தே விலை கேட்பார். அந்த விலைக்கு நல்ல வண்டிக்காரர் விற்க மாட்டார். கடைசியில் சந்தையில் மோசமான வண்டிகளே மிஞ்சும் என்பது அவர் வாதம். அந்த வாதம் சரிதான். ஆனால் அதற்குள்ளேயே மருந்தும் இருக்கிறது. நோய் தெரியாமை என்றால், மருந்து தெரிந்துகொள்வது. சர்வீஸ் ரெக்கார்டில் உள்ள கிலோமீட்டரை மீட்டரோடு ஒப்பிட்டுப் பார்ப்பது, விற்பவரோடு சம்பந்தமில்லாத மெக்கானிக்குக்குக் கூலி கொடுத்துச் சோதிப்பது, என்ஜின் குளிர்ந்திருக்கும் காலை நேரத்தில் ஸ்டார்ட் செய்து பார்ப்பது ஆகியவற்றுக்கு ஆகும் செலவு சில ஆயிரம். நல்ல வண்டிக்கும் மோசமான வண்டிக்கும் இடையே விலையில் உள்ள வித்தியாசம் லட்சக் கணக்கு. பயத்தால் விலை குறைந்திருக்கும் சந்தையில், பார்த்துத் தெரிந்துகொண்டவருக்கு அந்தக் குறைவே லாபம்.

இரண்டாவது எதிர்வாதம் வட்டி. பழைய காருக்கு வங்கி வட்டி கூடுதல் என்பது உண்மை. ஆனால் வட்டி விகிதத்தை மட்டும் பார்க்காமல் வட்டித் தொகையைப் பார். 10 லட்சத்துக்கு 9 சதவீதம் என்றால் முதல் ஆண்டு வட்டி 90,000க்கு அருகில். 6 லட்சத்துக்கு 13 சதவீதம் என்றாலும் 78,000க்குள்தான். மூன்றாவது எதிர்வாதம் பாதுகாப்பு. இதை நான் முழுமையாக ஏற்கிறேன். 2019 ஏப்ரல் முதல் கார்களுக்கு ஏ.பி.எஸ். பிரேக் கட்டாயமானது, 2022 ஜனவரி முதல் முன்னிருக்கை இரண்டுக்கும் ஏர்பேக் கட்டாயமானது. ஆகவே விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும், இவை இரண்டும் இல்லாத காரை வாங்காதே. கிழக்குக் கடற்கரைச் சாலையின் வேகத்தில் ஓட்டப் போகிறவள் நீ.

எப்போது விற்பது என்பதற்கு வருகிறேன். “விலை இன்னும் விழுமுன் தள்ளிவிடு” என்று பலர் சொல்வார்கள். இது முதல் கணக்கை மட்டும் பார்த்துச் சொல்லும் யோசனை. பெரிய இறக்கம் முதல் ஐந்து ஆண்டிலேயே முடிந்துவிடுகிறது. பிறகு ரூபாயில் பார்த்தால் ஆண்டுக்காண்டு இறக்கம் சிறிது. பத்து வயதுக் காரின் விலை 2 லட்சம், அடுத்த ஆண்டில் 20,000 இறங்கும், ரிப்பேர் 30,000 ஆகும் என்றால், அதை வைத்திருக்கும் செலவு 50,000. மாற்றுக் காருக்கு ஆண்டுக்கு ஒரு லட்சம் கரையும் என்று மேலே பார்த்தோம். ஆகவே வைத்துக்கொள். என்றைக்கு வரும் ஆண்டின் ரிப்பேரும் இறக்கமும் சேர்ந்து அந்த ஒரு லட்சத்தைத் தாண்டுமோ, அன்றைக்கு விற்றுவிடு. இதில் போன மாதம் செய்த செலவைச் சேர்க்காதே. “40,000 போட்டேனே” என்ற வருத்தம் இயல்புதான். ஆனால் விற்றாலும் வைத்திருந்தாலும் அது திரும்பாது. பதினைந்தாவது ஆண்டு ஓர் இயற்கையான நிறுத்தம். அப்போது எஃப்.சி. காட்டி ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரல் முதல் அதற்குக் கட்டணமே 5,000 ரூபாய். புதுப்பித்தால் மேலும் ஐந்தாண்டு ஓட்டலாம். அதற்கான டிங்கரிங் செலவையும் வரும் ஆண்டுக் கணக்கில் சேர்த்து முடிவு செய். துரு சேஸிஸைத் தொட்டுவிட்டால் மட்டும் கணக்கே வேண்டாம். அதற்குப் பெயின்ட் அடித்து இன்னொருவர் தலையில் கட்டாதே. முறைப்படி உடைக்கக் கொடு.

விற்கும்போது சாவியோடு பொறுப்பு போய்விடாது. படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்திட்டு, விற்ற 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிப்பது மோட்டார் வாகனச் சட்டப்படி உன் கடமை. கடன் இருந்தால் படிவம் 35 கொடுத்து ஆர்.சி.யிலிருந்து வங்கியின் பெயரை நீக்கு. கார் பல கை மாறினாலும் ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்துக்கு நஷ்டஈடு தர வேண்டியவர் என்று உச்ச நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்திருக்கிறது. புரோக்கர் பார்த்துக்கொள்வார் என்று வெற்றுப் படிவத்தில் கையெழுத்திட்டுக் கொடுப்பது, முகம் தெரியாதவர் ஓட்டும் வண்டிக்கு நீ ஜாமீன் நிற்பதாகும்.

நீ சம்பாதித்த முதல் பணம் இது. அதன் பெரும்பகுதியை முதல் மூன்றாண்டு விலை இறக்கத்துக்குக் கொடுத்துவிடாதே என்பதற்காகவே இவ்வளவு எழுதினேன். கார் பார்க்கப் போகும்போது இரண்டு கேள்விகளை எழுதி எடுத்துக்கொண்டு போ: இதன் விலை எவ்வளவு இறங்கிவிட்டது? இதன் ஆயுள் எவ்வளவு மிச்சம்? முதல் கேள்விக்கு விற்பவர் பதில் சொல்வார். இரண்டாவதற்கு, நீதான் குனிந்து வண்டிக்கு அடியில் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
உன் அக்கா