ஊன்றுகோல் ஈதலும் திருத்தொண்டே

அறங்கள் முப்பத்திரண்டு என நம் முன்னோர் வகுத்துரைத்தனர். அவற்றுள் அன்னதானத்தின் பெருமையை அறியாதார் இலர். திருக்கோயில்களில் நடைபெறும் அன்னதானத்திற்கு அன்பர்கள் இயன்ற பொருளை மகிழ்வுடன் வழங்குகின்றனர். அது பொருளால் செய்யும் அறம். கைத்தொழிலால் செய்யத்தக்க அறமும் உண்டு. மரத்தை இழைத்தும் செதுக்கியும், நடக்க இயலாதார்க்கு ஊன்றுகோலாகவும், படியேற இயலாதார்க்குச் சாய்தளமாகவும், குழந்தைகளுக்கு விளையாட்டுப் பொருளாகவும் ஆக்கி அளிப்பது அத்தகைய அறமாகும். அதன் சிறப்பையும், செய்யும் முறையையும் இங்குச் சிந்திப்போம்.

கைத்தொழிலே வழிபாடு

சேக்கிழார் பெருமான் அருளிய பெரியபுராணத்தில் தொழிலையே தொண்டாக ஆக்கிய அடியார்கள் பலரைக் காண்கிறோம். தில்லையில் வாழ்ந்த திருநீலகண்ட நாயனார் மட்கலம் வனைபவர். சிவனடியார்களுக்குத் திருவோடு செய்து அளித்தார். காம்பீலி நகரத்து நேச நாயனார் நெசவுத் தொழிலினர். உடையும் கீளும் கோவணமும் நெய்து அடியார்களுக்கு வழங்கினார். தொண்டு செய்வதற்காக இவர்கள் தம் தொழிலை விட்டு வேறொன்றை நாடவில்லை. கை அறிந்த வேலையே கடவுட் பணியாயிற்று.

இங்கு ஒன்றை உற்றுநோக்க வேண்டும். ஓடு ஏந்தி உண்பார்க்கு ஓடும், உடை வேண்டுவார்க்கு உடையும் கிடைத்தன. கொடுப்பவர் தம் விருப்பத்தைப் பாராது, பெறுபவருடைய தேவையைப் பார்த்தே செய்தளித்தார். இதுவே இவ்வறத்திற்கு அடிப்படையாகும்.

இறைவன் அளித்த கோல்

சுந்தரமூர்த்தி நாயனார், திருவொற்றியூரில் சங்கிலியாரைப் பிரியேன் எனச் சூளுரைத்தார். பின்னர்த் திருவாரூர்ப் பெருமானைக் காணும் வேட்கையால் அச்சூளுறவைக் கடந்து புறப்பட்டார். ஊரெல்லையைத் தாண்டியதும் இரு கண்களும் ஒளி இழந்தன. வழி தெரியாத நிலையில் திருவெண்பாக்கத்தை அடைந்து இறைவனை வேண்டினார். பெருமான் அங்குக் கண்ணொளியை அருளவில்லை. ஊன்றுகோல் ஒன்றை அளித்தருளினார். அக்கோலைக் கொண்டே நாயனார் வழி நடந்தார். காஞ்சியில் இடக்கண்ணும், திருவாரூரில் வலக்கண்ணும் பின்னர்ப் பெற்றார்.

பழைய திருவெண்பாக்கம், 1944-இல் கட்டி முடிக்கப்பட்ட பூண்டி நீர்த்தேக்கத்தின் பரப்பில் அடங்கிவிட்டது. திருக்கோயில் பூண்டியில் புதிதாக எடுக்கப்பட்டு, ஊன்றுகோல் ஈந்த பெருமான் ஊன்றீசுவரர் என்னும் திருநாமத்தோடு அங்கு எழுந்தருளியுள்ளார்.

இவ்வரலாறு நமக்கு இரண்டு உண்மைகளை உணர்த்துகிறது. முதலாவது, நாயனார் தம் பிழையால் துன்புற்றவர். ஆயினும் பெருமான் அவரை வழியில் நிறுத்திவிடவில்லை. துன்பத்திற்குக் காரணம் யார் என்று ஆராய்ந்த பின்னரே உதவுவோம் என்பது அறமன்று. குடிப்பழக்கத்தால் விபத்துற்றுக் கால் இழந்தவராயினும், அவர் எழுந்து நடப்பதற்குக் கோல் வேண்டும். இரண்டாவது, முழு நலத்தையும் நம்மால் தர இயலாமற் போகலாம். அதன்பொருட்டு, நலம் வரும்வரை நடப்பதற்கு வேண்டிய துணையை மறுத்தல் ஆகாது.

தண்டியடிகள் கண்ட வழி

திருவாரூரில் வாழ்ந்த தண்டியடிகள் நாயனார் பிறவியிலேயே கண்பார்வை இல்லாதவர். கமலாலயத் திருக்குளத்தைத் தோண்டி அகலமாக்க விரும்பினார். தோண்டும் குழியில் ஒரு தறியும், கரையில் ஒரு தறியும் நட்டு, இடையே கயிறு கட்டினார். அக்கயிற்றைத் தடவிக்கொண்டே மண்ணைச் சுமந்து கொட்டினார். இரண்டு மரத்தறிகளும் ஒரு கயிறும் அவருடைய பெருந்தொண்டிற்கு வழி அமைத்தன. தமக்கு எது உதவும் என்பதை அவரே நன்கு அறிந்திருந்தார். ஆதலின், உதவி வேண்டுவோரைக் கேட்டறிந்த பின்னரே உளியைக் கையில் எடுத்தல் வேண்டும்.

அளவறிந்து செய்தல்

கோல் என்பது ஒன்றே ஆயினும் தேவை வேறுபடும். கால் தளர்ந்த முதியவர் உடற்பாரத்தைத் தாங்குவதற்குக் கோல் கொள்கிறார். அது உறுதியாக இருத்தல் வேண்டும். பார்வையற்றவர் வழியைத் துழாவி அறிவதற்குக் கோல் கொள்கிறார். அது நீண்டும், எடை குறைந்தும், பிறர் கண்டுகொள்ளும்படி வெண்ணிறமாகவும் இருத்தல் வேண்டும். ஒருவருக்கு உரியதை மற்றவருக்கு அளித்தால் பயன் இல்லை.

முதியவருக்குக் கோல் செய்வோர் முதலில் அவரை, வழக்கமாக அணியும் காலணியோடு நிமிர்ந்து நிற்கச் செய்து, கைகளை இயல்பாகத் தொங்கவிடச் சொல்லுதல் வேண்டும். மணிக்கட்டின் மடிப்பு எவ்வளவு உயரத்தில் உள்ளதோ, அவ்வளவே கோலின் பிடியும் உயர்ந்திருத்தல் வேண்டும். பிடியைப் பற்றும்போது முழங்கை சிறிது மடங்கியிருப்பது முறை. கோல் நீண்டால் தோள் தூக்கி வலிக்கும். குறுகினால் உடல் முன்சாய்ந்து விழ நேரும். முதுமையில் ஒருமுறை விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், பலர் மீண்டும் எழுந்து நடப்பதில்லை. ஓர் அங்குல வேறுபாடு எத்துணைத் துன்பத்தை விளைவிக்கலாம் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

வலி உள்ள காலுக்கு எதிர்ப்புறக் கையிலேயே கோலைப் பிடிக்க வேண்டும் என்பதையும் சொல்லிக் கொடுத்தல் நன்று. அக்குளில் வைத்து ஊன்றும் கட்டையாயின், அதன் மேற்பகுதி அக்குளுக்கு இரண்டு மூன்று விரற்கிடை தாழ்ந்திருத்தல் வேண்டும். பாரத்தை உள்ளங்கைகளே தாங்க வேண்டும். அக்குளில் அழுந்தினால் நரம்பு தாக்குண்டு கை மரத்துப் போகும்.

கணுவும் வெடிப்பும் இல்லாத, நன்கு உலர்ந்த மரத்தையே தேர்ந்தெடுத்தல் வேண்டும். பிடியை உப்புத்தாளால் சிராய் இல்லாமல் தேய்த்து வழுவழுப்பாக்குக. அடிநுனியில் வழுக்காத ரப்பரைத் தவறாது பொருத்துக.

பிற மரப்பொருள்கள்

சக்கர நாற்காலியில் அமர்ந்தவருக்கு வீட்டு வாயிற்படியே மலையாகிவிடும். மரத்தாலான சாய்தளம் அத்தடையை நீக்கும். ஓர் அங்குல உயரத்திற்குப் பன்னிரண்டு அங்குல நீளம் என்பது கணக்கு. படியின் உயரம் 6 அங்குலமாயின், சாய்தளம் 6 அடி நீளம் இருத்தல் வேண்டும். இடத்தைச் சுருக்க எண்ணிச் செங்குத்தாக அமைப்பது ஆபத்தாகும்.

குழந்தைகள் விளையாட்டுப் பொருளை வாயில் வைப்பர். ஆகவே ஈயம் கலந்த வண்ணம் பூசலாகாது. கழன்று தொண்டையில் சிக்கும் சிறு உறுப்புகளும், கூர்மையான முனைகளும் இருத்தலாகாது. கருநாடகத்துச் சென்னப்பட்டணத் தச்சர்கள் வெட்பாலை மரத்தில் பொம்மை கடைந்து, அரக்கால் வண்ணம் ஏற்றும் மரபு இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும்.

கொடுக்கும் முறை

கொடுப்பவர் பெயரைக் கோலில் பெரிதாகப் பொறித்தல் வேண்டா. அதை ஊன்றி நடப்பவர் ஒவ்வோர் அடியிலும் தாம் பெற்ற தானத்தை ஊரறியச் சொல்லிச் செல்ல நேரும். மேடையேற்றிக் கைதட்டலின் நடுவே வழங்குவதினும், இல்லம் சென்று, நடந்து பார்க்கச் செய்து, அளவு சரியா எனக் கேட்டு அளிப்பதே மேன்மையுடையது. கொடுத்ததோடு கடமை முடிந்துவிடுவதும் இல்லை. ரப்பர் தேய்ந்தால் மாற்றவும், பிடி தளர்ந்தால் இறுக்கவும் அவ்வப்போது சென்று காணுதல் வேண்டும்.

தச்சுத்தொழில் அறிந்த அன்பர்கள் மாதத்தில் ஒருநாளை இதற்கென ஒதுக்கலாம். தொழில் அறியாதார் நல்ல மரம் வாங்கித் தரலாம். தம் தெருவில் கோல் இன்றிச் சுவரைப் பற்றி நடக்கும் முதியவர் யார் என்று கண்டறிந்து சொல்லலாம். நடை தளர்ந்து திருக்கோயிலுக்கு வர இயலாதிருந்த ஒருவர், நாம் அளித்த கோலை ஊன்றி வந்து சந்நிதியில் நின்று கைகூப்புவாராயின், அவ்வழிபாட்டில் நமக்கும் பங்கு உண்டு. கோல் ஈந்து அடியாரை வழிநடத்திய பெருமான் திருவருளால், கையால் இயன்ற தொண்டைச் செய்து உய்வோமாக.