வெறுங்காற் காவலர்

மதுரைக்குத் தென்மேற்கே, திருமங்கலம் செல்லும் சாலையின் ஓரத்தில் பசுமலை என்னும் ஊர் இருக்கிறது. பசு படுத்திருப்பது போன்ற குன்று ஒன்று அவ்வூருக்குப் பெயர் தந்தது என்பர். குன்றின் அடிவாரத்தில் 1845-ஆம் ஆண்டில் அமெரிக்கச் சமயத் தொண்டர்கள் கல்விக்கூடம் ஒன்றை அமைத்தனர். அன்று முதல் பசுமலை மாணவர் நிறைந்த ஊராக விளங்கி வருகிறது. வெயில் தணிந்த மாலை வேளையில் அப்பக்கத்துத் திடல்களில் சிறுவர் பந்து உதைத்து விளையாடுவதைக் காணலாம். அவர்களுள் சிலருக்குக் காலணி உண்டு, சிலருக்கு இல்லை. மதுரைச் சமவெளியின் மண் வறண்டது, கோடையிற் கொதிப்பது, இடையிடையே நெருஞ்சி முள்ளும் உடையது. அம்மண்ணில் ஓடி ஓடித் தோல் தடித்த பாதத்திற்குக் காலணி ஒரு சுமையாகவே தோன்றும். வெறுங்கால் பந்தைத் தொட்டறிகிறது. பெருவிரலால் சற்றே தள்ளவும், உள்ளங்காலால் அமுக்கி நிறுத்தவும், நொடியில் திரும்பவும் அதனால் முடிகிறது.

இவ்வாறு வெறுங்காலுடன் ஆடப் பழகி, வெறுங்காலுடனேயே உலகப் பெருவிழாவிற் சென்று நின்றவர் வங்காளத்தைச் சேர்ந்த சைலேன் மன்னா. அவர் பின்காப்பாளராக ஆடியவர். பதினொருவர் கொண்ட அணியில், கோல்காப்பாளருக்கு முன்னே நின்று எதிரணியின் தாக்குதலைத் தடுப்பவரே பின்காப்பாளர். அவருடைய பணி விந்தையானது. முன்னே நின்று ஆடுபவர் பத்து முறை தவறி ஒருமுறை கோல் அடித்தாலும் அந்த ஒன்றே நாளிதழில் ஏறும். பின்காப்பாளர் பத்து முறை தடுத்து ஒருமுறை தவறினால், ஏறுவது அந்தத் தவறே. தடுக்கப்பட்ட கோல்களுக்குக் கணக்கு எழுதும் ஏடு எதுவும் இல்லை.

கால்பந்து நம் நாட்டுக்கு வந்தது பிரித்தானியப் படைவீரர் வழியாக. உலகின் முதற் பன்னாட்டுக் கால்பந்துப் போட்டி 1872-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் நாள் ஸ்காட்லாந்துக்கும் இங்கிலாந்துக்கும் இடையே கிளாஸ்கோ நகரில் நடந்தது. இரு திறத்தாரும் ஒரு கோலும் அடிக்கவில்லை. தடுப்பாட்டக்காரர் மகிழத்தக்க முடிவு! ஒருவரே பந்தைக் கொண்டோடும் பழைய முறையை விடுத்து, ஒருவருக்கொருவர் பந்தை வழங்கி முன்னேறும் முறையை வளர்த்த பெருமை ஸ்காட்லாந்தினர்க்கு உரியது. இந்தியாவில் டியூரண்டு கோப்பைப் போட்டி 1888-ஆம் ஆண்டில் சிம்லாவில் தொடங்கியபோது, இறுதியாட்டத்தில் மோதிய இரண்டும் ஸ்காட்லாந்துப் படைப்பிரிவுகளே. ராயல் ஸ்காட்ஸ் பியூசிலியர்ஸ் அணி வென்றது.

படைவீரரிடம் கற்ற ஆட்டத்தில் அவர்களையே வெல்லும் நாளும் வந்தது. கல்கத்தாவில் 1889-ஆம் ஆண்டில் தோன்றிய மோகன் பகான் கழகம், 1911-ஆம் ஆண்டு சூலை 29-ஆம் நாள் ஈஸ்ட் யார்க்ஷயர் படைப்பிரிவை 2–1 என்ற கணக்கில் வென்று ஐ.எப்.ஏ. கேடயத்தைப் பெற்றது. அந்தப் பதினொருவருள் காலணி அணிந்தவர் ஒருவரே. அவர் சுதிர் சட்டர்ஜி, அவரும் பின்காப்பாளரே. மற்றப் பதின்மரும் வெறுங்காலர். அந்நாள் முதல் வங்கத்தில் வெறுங்கால் வறுமையின் அடையாளமாக இல்லாமல் பெருமையின் அடையாளமாயிற்று. காலணி இட்ட வெள்ளையரை வெறுங்காலால் வென்றோம் என்னும் நினைவு இரண்டு தலைமுறைகள் வரை மறையவில்லை. பின்னாளில் அக்கழகத்தின் பின்காப்பாளராகத் திகழ்ந்த கோஷ்ட பாலரைச் சீனப் பெருஞ்சுவர் என்று மக்கள் அழைத்தனர். அவரும் வெறுங்காலுடன் ஆடிப் புகழ் பெற்றவரே.

இந்த மரபிலேதான் சைலேன் மன்னா தோன்றினார். அவர் 1924-ஆம் ஆண்டு செப்டம்பர் 1-ஆம் நாள் கல்கத்தாவின் எதிர்க்கரையிலுள்ள ஹவுராவிற் பிறந்தார். 1940-இல் ஹவுரா யூனியன் கழகத்தில் ஆடத் தொடங்கினார். 1942-இல் மோகன் பகான் அவரை அழைத்துக்கொண்டது. அதன்பின் 1960-இல் ஓய்வு பெறும் வரை அவர் வேறு கழகத்தை நாடவில்லை. இடப்பக்கப் பின்காப்பாளராக நின்று, எதிரி வரும் வழியை முன்னரே கணித்து, அவன் காலிலிருந்து பந்தைத் தூய்மையாகக் கவர்வதே அவருடைய திறன். முரட்டுத்தனம் அவரிடம் இல்லை. நிறுத்தி வைத்த பந்தை அவர் உதைக்கும் வேகமோ பெயர் பெற்றது.

விடுதலை பெற்று ஓராண்டு நிறைவதற்கு முன், 1948-இல் இலண்டன் ஒலிம்பிக்கில் இந்தியக் கால்பந்து அணி கலந்துகொண்டது. நாகர் மலையிலிருந்து வந்து மருத்துவம் பயின்றுகொண்டிருந்த டி. ஆவோ அதன் தலைவர். சூலை 31-ஆம் நாள் இலண்டனை அடுத்த இல்போர்டில் பிரான்சு அணியை எதிர்த்து ஆடினர். இந்தியருட் பெரும்பாலோர் வெறுங்காலுடன் களம் இறங்கியதைக் கண்டு கூடியிருந்தோர் வியந்தனர். காலணி ஏன் அணியவில்லை என்று வினவியவர்க்கு, எங்கள் நாட்டில் ஆடுவது காற்பந்து, நீங்கள் ஆடுவது காலணிப் பந்து என்று ஆவோ விடை கூறினார் என்பது இன்றும் வழங்கும் செய்தி.

பிரான்சு முதலில் ஒரு கோல் அடித்தது. எழுபதாம் நிமிடத்தில் மைசூர் நாட்டினின்று வந்த சாரங்கபாணி ராமன் அதனைச் சமன் செய்தார். ஒலிம்பிக்கில் இந்தியா அடித்த முதற் கோல் அதுவே. இதற்கிடையில் இந்தியாவுக்கு இரண்டு அரிய வாய்ப்புகள் கிடைத்தன. தம் கோலுக்கு அண்மையில் ஓர் அணியினர் குற்றம் இழைத்தால், எதிரணியினர் பன்னிரண்டு கெஜத் தொலைவிலிருந்து பந்தை உதைக்கலாம். தடுக்கக் கோல்காப்பாளர் ஒருவரே நிற்பார். இதனைப் பெனால்டி என்பர். ஓர் ஆட்டத்தில் ஒன்று கிடைப்பதே பெரிது. அன்று இந்தியாவுக்கு இரண்டு கிடைத்தன. ஒன்றை உதைக்கும் பொறுப்பு, உதையின் வலிமையால் பெயர் பெற்ற மன்னாவிடம் வந்தது. பந்து கோலுக்குட் செல்லவில்லை. மற்றொன்றை மகாவீர் பிரசாத் உதைத்தார். அதுவும் தவறியது. ஆட்டம் முடிய ஒரு நிமிடமே இருந்தபோது பெர்சிலோன் என்னும் பிரெஞ்சுக்காரர் கோல் அடித்தார். இந்தியா 1–2 என்று தோற்றது.

தொண்ணூறு நிமிடம் தன் கோலைக் காத்து நின்ற ஒருவர், எதிரியின் கோலுக்கு முன் சென்ற ஒரே நொடியில் தவறினார். மன்னாவின் வாழ்க்கையைச் சொல்வோர் இதனை விடுவதே இல்லை. அதில் நேர்மை உண்டு. எனினும் அவர் அன்று தடுத்தவற்றை யாரும் எண்ணி வைக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்வதே முறை.

இந்தத் தவற்றிற்காக நாடு அவரை ஒதுக்கவில்லை. முதல் ஆசிய விளையாட்டு விழா 1951-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் புதுதில்லியில் நடைபெற்றபோது அணித்தலைமை மன்னாவிடம் அளிக்கப்பட்டது. பயிற்சி அளித்தவர் ஐதராபாத்தைச் சேர்ந்த சையது அப்துல் ரகீம். இந்தோனேசியாவை 3–0 என்றும், ஆப்கானிஸ்தானை 3–0 என்றும் வென்ற இந்தியா, இறுதியாட்டத்தில் ஈரானைச் சந்தித்தது. சாகு மேவாலால் அடித்த ஒரே கோலால் தங்கப் பதக்கம் இந்தியாவுக்கு வந்தது. மேவாலாலின் பெயரை அனைவரும் அறிவர். மூன்று ஆட்டங்களிலும் இந்தியாவின் கோலுக்குள் ஒரு பந்துகூடச் செல்லவில்லை என்பது அதே கணக்கின் மறுபக்கம்.

வெற்றியின் மகிழ்ச்சி நெடுநாள் நீடிக்கவில்லை. 1952-ஆம் ஆண்டு சூலை 15-ஆம் நாள், பின்லாந்து நாட்டுத் தலைநகரான ஹெல்சிங்கியில், ஒலிம்பிக்கின் தொடக்கச் சுற்றில் மன்னாவின் அணி யூகோஸ்லாவியாவை எதிர்த்தது. அன்றும் இந்தியருட் பலர் வெறுங்காலர். பின்லாந்தின் குளிரும் ஈரப் புல்தரையும் மதுரைச் சமவெளியையோ கல்கத்தா மைதானத்தின் கோடைத் தரையையோ ஒத்தவை அல்ல. வறண்ட மண்ணைப் பற்றிக்கொள்ளும் பாதம் நனைந்த புல்லில் வழுக்கும். காலணியின் அடியிலுள்ள குமிழ்களோ அப்புல்லில் ஆணி போல் ஊன்றி நிற்கும். அக்காலத்துப் பந்து தோலாலானது. ஈரத்தை உறிஞ்சி எடை மிகுவது. குளிரில் விறைத்த விரலால் அதனை உதைப்பது துன்பம். முன்னே ஓடுபவராவது தம் விருப்பம் போல் திரும்பலாம். பின்காப்பாளரோ எதிரி திரும்பும்போதெல்லாம் திரும்ப வேண்டும். வழுக்கும் தரை எல்லோரினும் அவரையே மிகுதியாகத் தண்டிக்கிறது.

யூகோஸ்லாவியர் பத்துக் கோல் அடித்தனர். செபெக் என்னும் ஒருவரே நான்கு அடித்தார். ஆட்டம் முடியும் தறுவாயில் அகமது கான் இந்தியாவுக்காக ஒரு கோல் அடித்தார். 1–10 என்பது அன்றைய முடிவு. அந்த அணி எளிய அணி அன்று. இறுதி வரை சென்று அங்கேரியிடம் தோற்று வெள்ளிப் பதக்கம் பெற்ற அணி. ஆயினும் பத்துக் கோல்களுக்குக் காலணியை மட்டுமே காரணமாக்குவது தவறு. ஐரோப்பியரின் ஆட்ட முறை, உடற்பயிற்சி, போட்டிகளில் ஆடிய பழக்கம் ஆகியவையும் அன்று நமக்கு எட்டாத தொலைவில் இருந்தன. காலணி கண்ணுக்குத் தெரிந்த காரணம். ஆதலால் அதனைப் பற்றியே எல்லோரும் பேசினர்.

பேச்சு வீண்போகவில்லை. ஆட்டக்காரர் காலணி அணிந்தே ஆடவேண்டும் என்று அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு விதி செய்தது. 1911 முதல் பெருமையாகப் போற்றிய ஒன்றை விடுவது எளிதன்று. பழகிய கால் காலணிக்குள் பந்தை உணராமல் தடுமாறும், கொப்புளம் கொள்ளும், ஓட்டமும் குறையும். முப்பதை நெருங்கிய ஆட்டக்காரர், சிறுவரைப் போல் மீண்டும் முதற்பாடத்திலிருந்து தொடங்கவேண்டியிருந்தது. நான்காண்டு கழித்து, 1956-இல் மெல்போர்ன் ஒலிம்பிக்கில், ரகீமின் பயிற்சியில் இந்திய அணி ஆஸ்திரேலியாவை 4–2 என்று வென்று நான்காம் இடம் பெற்றது. அந்த அணியில் மன்னா இல்லை. ஹெல்சிங்கியில் அவர் தலைமையில் நேர்ந்த தோல்வி புகட்டிய பாடத்தின் பயனைப் பிறர் துய்த்தனர்.

ஹெல்சிங்கிக்குப் பின்னும் அவர் இந்திய அணியை வழிநடத்தினார். இந்தியா, பாகிஸ்தான், பர்மா, இலங்கை ஆகிய நான்கு நாடுகள் கலந்துகொண்ட கொழும்புக் கோப்பைப் போட்டியில் 1952 முதல் 1955 வரை இந்தியா ஆண்டுதோறும் வாகை சூடியது. முதலாண்டில் மட்டும் பாகிஸ்தானுடன் கோப்பையைப் பகிர்ந்துகொள்ள நேர்ந்தது. இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கத்தின் 1953-ஆம் ஆண்டு மலர், உலகின் சிறந்த அணித்தலைவர் பதின்மருள் ஒருவராக மன்னாவைக் குறித்தது என்பர். பத்துக் கோல் வாங்கிய அணியின் தலைவருக்கு அடுத்த ஆண்டே இச்சிறப்பு!

ஸ்காட்லாந்தில் 1893-ஆம் ஆண்டிலேயே ஊதியம் பெற்று ஆடுவது முறையாக ஏற்கப்பட்டது. அங்கே ஒரு தடுப்பாட்டக்காரர் கழகத்துடன் ஒப்பந்தம் செய்துகொண்டு, ஆட்டத்தையே தொழிலாகக் கொண்டு குடும்பம் நடத்தலாம். மன்னாவின் காலத்து இந்தியாவில் அவ்வழி இல்லை. அவர் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் பணியாற்றி அதன் ஊதியத்தில் வாழ்ந்தார். பகலில் அலுவலகம், மாலையில் மைதானம் என்பதே அக்காலத்து ஆட்டக்காரர் பலரின் வாழ்க்கை. பத்தொன்பது ஆண்டு ஒரே கழகத்துக்கு ஆடினார் என்றால், அவரைக் கட்டி வைத்த ஒப்பந்தம் எதுவும் இல்லை என்பதையும் நினைவிற் கொள்ளவேண்டும்.

இந்திய அரசு 1971-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளித்தது. மோகன் பகான் கழகம் 2001-இல் மோகன் பகான் ரத்னா என்னும் தன் உயரிய சிறப்பை வழங்கியது. அவர் 2012-ஆம் ஆண்டு பிப்ரவரி 27-ஆம் நாள் தம் எண்பத்தேழாம் வயதிற் கொல்கத்தாவில் மறைந்தார்.

முதுமையில் அவரைத் தேடி வந்தோர் கேட்ட வினா ஒன்று உண்டு. 1950-இல் பிரேசிலில் நடந்த உலகக் கோப்பைப் போட்டிக்கு, ஆசியாவின் மற்ற அணிகள் விலகியமையால் இந்தியா தகுதி பெற்றது; ஆனாற் செல்லவில்லை. வெறுங்காலுடன் ஆட விடமாட்டார்கள் என்பதனாலேயே செல்லவில்லை என்னும் கதை நாடெங்கும் பரவியிருந்தது. அக்கதையை மன்னா ஏற்கவில்லை. உலகக் கோப்பையைப் பற்றித் தாங்கள் அதிகம் அறிந்திருக்கவில்லை என்றும், ஒலிம்பிக்கே தங்களுக்குப் பெரிதாகத் தோன்றியது என்றும், அதன் மதிப்பை அறிந்திருந்தால் எப்படியும் முயன்றிருப்போம் என்றும் அவர் கூறினார். அப்போட்டியில் இந்தியா இத்தாலி, சுவீடன், பராகுவே ஆகிய நாடுகளோடு ஒரே பிரிவில் வைக்கப்பட்டிருந்தது. அப்பிரிவில் கடைசி வரை மூன்று அணிகளே ஆடின. நான்காவதன் இடம் நிரப்பப்படவே இல்லை.