ஏற்றத்தாழ்வும் வளர்ச்சியும்

கேள்வி: செல்வந்த நாடுகளில் வருமான ஏற்றத்தாழ்வு பெருகினால் பொருளாதார வளர்ச்சி குன்றுமா?

பதில்: சமத்துவத்தை நாடினால் பொருளாதாரத் திறனில் ஒரு பங்கை இழக்க நேரிடும் என்று அமெரிக்கப் பொருளியலறிஞர் ஆர்தர் ஓக்கன் 1975இல் முன்வைத்த வாதம் நெடுங்காலம் செல்வாக்குப் பெற்றிருந்தது. ஆனால், பெரும்பாலும் செல்வந்த நாடுகளைக் கொண்ட பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு வெளியிட்ட ஆய்வு, 1985க்கும் 2005க்கும் இடையே விரிந்த ஏற்றத்தாழ்வு, 1990 முதல் 2010 வரை உறுப்பு நாடுகள் கண்ட ஒட்டுமொத்த வளர்ச்சியில் சராசரியாக 4.7 விழுக்காட்டுப் புள்ளிகளைக் குறைத்திருக்கும் என மதிப்பிட்டது. இந்த எண் விவாதத்துக்குரியதே. எனினும் அந்த ஆய்வு சுட்டும் காரணம் வலுவானது. அடித்தட்டு 40 விழுக்காட்டினர் பின்தங்கும்போது, அவர்களில் கல்வி குறைந்த பெற்றோரின் பிள்ளைகள் குறைந்த ஆண்டுகளே பயின்று, எழுத்திலும் கணக்கிலும் தேர்ச்சி குன்றியவர்களாக வேலைக்கு வருவதால், மனித மூலதனம், அதாவது உழைப்போரின் அறிவும் திறனும், வீணாகிறது. வரி, உதவித்தொகை வழியான மறுபங்கீடு தன்னளவில் வளர்ச்சியைக் கெடுத்ததற்கு அவ்வாய்வில் சான்று கிடைக்கவில்லை.