அஞ்ச வேண்டிய இடம் எது?

மென்பொருள் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி, தங்கைகளே! "பார்த்துச் செய்" என்பார் ஒரு மேலாளர். "சீக்கிரம் முடி" என்பார் இன்னொருவர். இருவர் சொல்வதும் நியாயம்தான். எதை எங்கே கேட்பது என்பதற்குச் சில யோசனைகள்:

1. செய்ததைத் திரும்பப் பெற முடியுமா என்று முதலில் பாருங்கள். பட்டனின் நிறத்தை நாளைக்கே மாற்றலாம். அதற்கு மீட்டிங் வேண்டாம். டேட்டாவை அழிப்பதும் பணத்தை நகர்த்துவதும் அப்படியல்ல. அங்கே பக்கத்தில் இன்னொருவரை உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.

2. பேக்கப் இருக்கிறது என்ற பேச்சை நம்பாதீர்கள். ரீஸ்டோர் செய்து பாருங்கள். 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனப் பொறியாளர் ஒருவர், வேறு சர்வர் என்று நினைத்து, ஓடிக்கொண்டிருந்த டேட்டாபேஸை அழிக்கத் தொடங்கினார். ஓரிரு நொடிகளில் சுதாரித்து நிறுத்தியும், சுமார் 300 ஜிபியில் மிஞ்சியது 4.5 ஜிபிதான். வழக்கமான பேக்கப் வேலை செய்யவே இல்லை. அதைச் சொல்லும் எச்சரிக்கை மெயில்களும் யாருக்கும் வந்து சேரவில்லை. ஆறு மணி நேரத்துக்கு முன் அவரே வேறொரு வேலைக்காக எடுத்து வைத்திருந்த நகல்தான் கைகொடுத்தது.

3. கொஞ்சம் கொஞ்சமாக வெளியிடுங்கள். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் அனுப்பிய அப்டேட், சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை முடக்கியது.

4. அனுப்பியது எல்லா சர்வருக்கும் போனதா என்று எண்ணிப் பாருங்கள். 2012 ஆகஸ்ட் 1 அன்று நைட் கேப்பிடல் என்ற பங்கு வர்த்தக நிறுவனத்தின் 8 சர்வர்களில் 7-இல்தான் புதிய நிரல் ஏறியது. எட்டாவதில் கிடந்த பழைய நிரல் விழித்துக்கொண்டு, பங்குகளை வாங்கியும் விற்றும் தள்ளியது. 45 நிமிடங்களில் 44 கோடி டாலருக்கு மேல் நட்டம்.

5. தாமதமும் ஆபத்துதான். நெட்ஸ்கேப் 4 பிரவுசர் வந்தது 1997-இல். நிரலை மறுபடி அடியிலிருந்து எழுதி முடித்து அடுத்த பெரிய பதிப்பை வெளியிட 2000 நவம்பர் ஆயிற்று. அதற்குள் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் சந்தையைப் பிடித்துவிட்டது.

6. சிக்கல் வந்தால் பழைய நிலைக்குத் திரும்பும் வழியை ரிலீஸுக்கு முன்பே எழுதி வையுங்கள். அதை எழுத முடியவில்லையென்றால், யார் அவசரப்படுத்தினாலும் "இன்னும் தயாராகவில்லை" என்று சொல்லுங்கள். எழுதிவிட்டீர்களா? இனி யோசிக்க ஒன்றுமில்லை, இன்றைக்கே வெளியிடுங்கள்.