முதலில் படம், பிறகு பேச்சு

கேள்வி: நான் படித்த கல்லூரியிலேயே என் 5 நிமிட அனிமேஷன் குறும்படத்தைத் திரையிட அழைத்திருக்கிறார்கள். மாணவர்களிடம் என்ன பேசலாம்?

பதில்: எடுத்தவுடன் படத்தைப் போடச் சொல்லுங்கள். வரவேற்புரையும் பொன்னாடையும் முடிவதற்குள் பாதிப் பேர் கைபேசிக்குள் போயிருப்பார்கள்.

பிறகு உழைப்பைக் கணக்காகச் சொல்லுங்கள். விநாடிக்கு 24 பிரேம். ஒரே ஓவியத்தை இரண்டு பிரேமுக்கு நிறுத்தினாலும் 5 நிமிடத்துக்கு 3,600 ஓவியங்கள் வேண்டும். ஸ்டோரிபோர்டு, பென்சில் கிறுக்கல்கள், வெட்டித் தள்ளிய காட்சிகள் எல்லாவற்றையும் கொண்டுபோங்கள். முடிந்த படம் மாணவர்களை மிரட்டும். கிறுக்கலைப் பார்த்தால்தான் 'நம்மாலும் முடியும்' என்று தோன்றும்.

பொறுமைக்கும் ஓர் உதாரணம் சொல்லுங்கள். கனடாவின் ஷெரிடன் கல்லூரியில் படித்த டோமி ஷீ, பிக்சார் அனிமேஷன் நிறுவனத்தில் சேர்ந்ததுமே இயக்குநராகிவிடவில்லை. கதைப் பிரிவில் பல ஆண்டுகள் வரைந்த பிறகே 2018-இல் அவர் இயக்கிய 'பாவ்' குறும்படம் வந்தது. சுமார் 8 நிமிடப் படம். மறு ஆண்டு ஆஸ்கர் வாங்கியது. கடைசி ஆண்டு மாணவர்களுக்கு இதைக் கட்டாயம் சொல்லுங்கள். சம்பளம் பற்றிக் கேட்டால் (கேட்பார்கள்!) மழுப்பாதீர்கள்.

முந்தின நாளே போய் புரொஜெக்டரையும் ஸ்பீக்கரையும் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.